பிசிஓஎஸ் இருக்கு சரி, ஆனா இந்த அடிவயித்து வலி எதனால? ஸ்கேன் எல்லாம் நார்மல்னு வருது

#1 மழைத்தூறல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு 28 வயசு. 19 வயசுல பிசிஓஎஸ்னு, அதாவது சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறுன்னு சொன்னாங்க. அப்ப நாலு மாசமா பீரியட்ஸ் வரல, தாடைக்கு கீழ முடி, முகம் பூரா பரு, ஸ்கேன் பண்ணா ரெண்டு சினைப்பையிலயும் நீர்க்கட்டி. அதுலேருந்து மாத்திரை போடறது நிறுத்தறது மறுபடி போடறதுன்னு ஓடுது, அதுல புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

பிரச்சினை என்னன்னா ஒன்றரை வருஷமா வலது பக்கம் அடிவயித்துல ஒரு வலி. பீரியட்ஸ் டைம்ல மட்டும்னு இல்ல, எப்ப வேணா வரும், சில நாள் நாள் பூரா மந்தமா இருக்கும், சில நேரம் கொக்கி மாட்டி சுருக்குனு இழுத்த மாதிரி. படுக்கையில திரும்பி படுத்தா வரும், இருமினா வரும், கார்லேருந்து இறங்கறப்ப கால தூக்கி வெளிய வைக்கணும்ல அப்ப கண்டிப்பா வரும். ஹாட் வாட்டர் பேக் வச்சா இதமா இருக்கு ஆனா எடுத்ததும் திரும்ப அதே.

மூணு ஸ்கேன், ரெண்டு தடவ யூரின் டெஸ்ட், ரத்த டெஸ்ட் என்னென்னமோ எடுத்தாச்சு. மூணு ஸ்கேன்லயும் "பிசிஓ பேட்டர்ன், மத்தபடி நார்மல்". அப்பெண்டிக்ஸும் இல்லன்னுட்டாங்க. முதல் கைனிக் டாக்டர் பிசிஓஎஸ்னா அப்படித்தான்மா இருக்கும்னாங்க. ரெண்டாவது டாக்டர் வெயிட் குறைங்கன்னாங்க. வயித்து டாக்டர் கேஸ்னு மாத்திரை குடுத்தார். இன்ஃபெக்ஷனா இருக்கும்னு நடுவுல ரெண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் வேற. ஒண்ணுக்கும் அசையல. கடைசியா ஒருத்தங்க டென்ஷன குறைச்சுக்கங்கன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு, ஏன்னா இந்த வலியாலதானே டென்ஷன்.

பீரியட்ஸ் 45 நாள், 60 நாள்னு வரும், வந்தா முதல் ரெண்டு நாள் எழுந்துக்க முடியாது, அது பழகிடுச்சு, அத விடுங்க.

பிசிஓஎஸ் இருக்கறவங்க யாருக்காவது இந்த மாதிரி வலி இருக்கா? என்னன்னு கண்டுபிடிச்சாங்களா? இல்ல நான்தான் ஓவரா யோசிக்கறேனா?

#2 ஊதாப்பூ

நீங்க ஓவரா எல்லாம் யோசிக்கல. நானே எழுதின மாதிரி இருக்கு. எனக்கு இடது பக்கம், எட்டு மாசமா. நீர்க்கட்டி வெடிச்சிருமோன்னு ராத்திரி பயந்துகிட்டே படுப்பேன். யாராவது விவரமா சொன்னா நானும் கேட்டுக்கறேன்.

#3 ரெண்டாம்_இன்னிங்ஸ்

ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன், எனக்கு 41 வயசு, 20 வருஷமா பிசிஓஎஸ் கூட குடும்பம் நடத்தறேன்.

முதல்ல அந்த நீர்க்கட்டி பயத்த எடுத்துப் போடுங்க. பிசிஓஎஸ்ல ஸ்கேன்ல தெரியறது உண்மையில கட்டியே இல்ல. அது முட்டைப் பைகள், 2லேருந்து 9 மில்லிமீட்டர் சைஸ், பாதியில வளர்ச்சி நின்னுபோய் ஓரமா வரிசையா உக்காந்திருக்கும். அதெல்லாம் வெடிக்கறதும் இல்ல, வலிக்கறதும் இல்ல. 1935ல ஸ்டெயின், லெவந்தால்னு ரெண்டு டாக்டருங்க இத எழுதினப்ப சினைப்பைல நிறைய சிஸ்ட் மாதிரி தெரிஞ்சுது, அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு, நாமளும் நீர்க்கட்டி நீர்க்கட்டின்னு சொல்லி சொல்லியே பயந்துட்டோம்.

வெடிக்கற கட்டி வேற. முட்டை வெளிய வர்ற பையே பெருசாகி சில சென்டிமீட்டருக்கு போகும், அதுக்குள்ள ரத்தமும் கட்டலாம், அது வலிக்கும், வெடிச்சா நல்லாவே வலிக்கும். பிசிஓஎஸ் இல்லாதவங்களுக்கும் வரும். ஸ்கேன்ல தனியா "இத்தன சென்டிமீட்டர் சிஸ்ட்"னு போட்டிருப்பாங்க. ஊதாப்பூ உங்க ரிப்போர்ட்ல அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு. 2003ல ராட்டர்டாம்ல டாக்டருங்க கூடி பிசிஓஎஸ்க்கு ஒரு கணக்கு வச்சாங்க. முட்டை ஒழுங்கா வராம டேட் தள்ளிப் போறது, ஆண் ஹார்மோன் ஜாஸ்தி, ஸ்கேன்ல அந்த மாதிரி சினைப்பை, இந்த மூணுல ரெண்டு இருந்தா பிசிஓஎஸ். வலிங்கறது அந்த லிஸ்ட்லயே கிடையாது. அதனால "பிசிஓஎஸ்னா வலிக்கும்"னு சொல்லி அனுப்பிவிட்டா கேள்விக்கு பதில் வரலன்னுதான் அர்த்தம். உங்க டேட் ஏன் தள்ளிப் போகுதுன்னா அதுக்கு பிசிஓஎஸ் பதில். வலது பக்கம் ஏன் வலிக்குதுன்னா, அதுக்கு இன்னும் யாரும் பதிலே சொல்லல.

#4 ஜீரோ_டு_ஹீரோ

சிஸ்டர்ஸ் சிம்பிளா சொல்றேன், 10 கிலோ குறைங்க எல்லாம் தானா போயிரும். எனக்கு தெரிஞ்சவங்களுக்கு 6 மாசத்துல பீரியட்ஸ் ரெகுலர் ஆயிடுச்சு. சுகர் கட் பண்ணுங்க, டெய்லி வாக்கிங், மாத்திரை எதுவும் தேவையில்ல.

#5 கோபக்கிளி

@ஜீரோ_டு_ஹீரோ அவங்க வலியப் பத்தி கேட்டா நீங்க பீரியட்ஸ் ரெகுலர் ஆனத சொல்றீங்க. அவங்க எவ்ளோ வெயிட்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? அவங்க வெயிட் உங்களுக்கு எப்படி தெரியும்? பிசிஓஎஸ்னு பாத்த உடனே குண்டா இருப்பாங்கன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் 46 கிலோ, எனக்கும் பிசிஓஎஸ்தான். என்னையும் ஒரு டாக்டர் ரிப்போர்ட் பாத்துட்டு ஆள நிமிந்து பாக்காமலே வெயிட் குறைங்கன்னு சொன்னாங்க.

வெயிட் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு 5லேருந்து 10 சதவீதம் குறைச்சா டேட் ஒழுங்காகலாம், சுகர் வராம இருக்கலாம், அது உண்மை, நான் மறுக்கல. ஆனா அது வலிக்கு மருந்து இல்ல. வலி என்னன்னே தெரியாம குறைச்சுகிட்டே உக்காந்திருந்தா வருஷம்தான் போகும்.

#6 ஜீரோ_டு_ஹீரோ

ஓகே ஓகே, நல்லதுக்குதான் சொன்னேன். வெயிட் பத்தி கேக்காம சொன்னது தப்புதான்.

#7 வார்டு_நர்ஸ்

நான் டாக்டர் இல்ல, 16 வருஷமா சர்ஜரி வார்டுல நர்ஸ். அதனால நான் சொல்றத வச்சு நீங்களா எதையும் முடிவு பண்ணிக்காதீங்க, டாக்டர்கிட்ட கேக்க உதவும் அவ்ளோதான்.

மொதல்ல அவசரம் எதுன்னு சொல்லிடறேன். திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தா சினைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம், ரத்த ஓட்டம் நின்னு போகும், காலைல பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, நேரா எமர்ஜென்சி. காய்ச்சலோட வலி, மயக்கம், தோள்பட்டையில வலி, நனைஞ்சு போற அளவுக்கு ரத்தப்போக்கு, இதுவும் அப்படித்தான். அப்புறம் நமக்கு டேட் தள்ளிப் போறது சகஜம்கறதால கர்ப்பமா இருந்தா கூட தெரியாம போயிடும், கரு டியூப்ல தங்கிட்டா உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக வாய்ப்பு இருக்கறவங்க புதுசா வலி வந்தா முதல்ல ஒரு பிரெக்னன்சி டெஸ்ட் பண்ணிடுங்க.

இப்ப மழைத்தூறல் உங்களுக்கு சில கேள்வி. வலி எங்கன்னு காட்டச் சொன்னா முழு கைய வச்சு தடவிக் காட்டுவீங்களா, இல்ல ஒரே விரல வச்சு இங்கதான்னு சொல்லுவீங்களா? அந்த இடத்துல தோல லேசா கிள்ளினா இடது பக்கத்த விட வித்தியாசமா இருக்கா? யூரின் நெறைய சேர்ந்தா வலி கூடுதா? மோஷன் போனா குறையுதா?

நீங்க எழுதினதுல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. திரும்பி படுத்தா, இருமினா, கால தூக்கினா வருதுன்னு சொல்றீங்க. மூணுமே வயித்து தசைய இறுக்கற வேலை. கர்ப்பப்பைக்கும் கார்லேருந்து இறங்கறதுக்கும் அவ்ளோ சம்பந்தம் இருக்காது.

#8 மழைத்தூறல்

அக்கா நீங்க கேட்டதும் எழுந்து போய் பாத்தேன். ஒரே விரல்தான். தொப்புளுக்கு கீழ வலது பக்கமா கொஞ்சம் தள்ளி, ஒரு காயின் சைஸ் இடம். இத்தன நாள் எல்லார்கிட்டயும் "வலது பக்கம் அடிவயிறு"ன்னுதான் சொல்லியிருக்கேன், யாரும் விரல வச்சு காட்டுன்னு கேக்கல, எனக்கும் தோணல. அந்த இடத்த கிள்ளினா ஷாக் மாதிரி இருக்கு, இடது பக்கம் கிள்ளினா ஒண்ணுமில்ல. ஜீன்ஸ் பட்டன் அங்க பட்டா எரியும், அதனால ரொம்ப நாளா லூஸ் பேன்ட்தான் போடறேன். அது இதோட சேர்ந்ததுன்னே நினைக்கல!!

யூரின், மோஷன் ரெண்டுக்கும் சம்பந்தம் தெரியல.

#9 வார்டு_நர்ஸ்

சரி, ஒண்ணு செய்ங்க. மல்லாக்க படுத்துக்கங்க. அந்த இடத்த ஒரு விரலால அழுத்திகிட்டே கைய ஊனாம தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க. தசை இறுகும்போது வலி குறைஞ்சா பிரச்சினை பெரும்பாலும் உள்ள இருக்கற உறுப்புல, ஏன்னா இறுகின தசை உங்க விரல தடுத்து உள்ள போக விடாது. வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ வயித்து சுவர்லயே இருக்கலாம். கார்னெட்னு ஒரு சர்ஜன் 1926லயே எழுதி வச்ச டெஸ்ட் இது. மெஷின் வேணாம், காசு வேணாம், அரை நிமிஷம் போதும்.

வயித்து தோலுக்கு வர்ற நரம்பு நடுவயித்து தசையோட ஓரத்துல ஒரு சின்ன துவாரம் வழியா வளைஞ்சு வெளிய வரும். அங்க அது மாட்டிகிட்டா இப்படி ஒரே புள்ளியில வலிக்கும். ஸ்கேன்ல தெரியாது, ரத்த டெஸ்ட்ல தெரியாது. அப்பெண்டிக்ஸ்னு நெனச்சு உள்ள போய் பாத்துட்டு ஒண்ணும் இல்லாம வந்த கேஸ் எங்க வார்டுலயே பாத்திருக்கேன். ஆனா உங்களுக்கு அதுதான்னு நான் சொல்லல. டாக்டர் கை வச்சு பாக்கணும்.

#10 மழைத்தூறல்

தலைய தூக்கினதும் கத்திட்டேன். என் வீட்டுக்காரர் பயந்து ஓடி வந்துட்டார். கூடிச்சு அக்கா, நல்லாவே கூடிச்சு.

#11 கோபக்கிளி

நல்ல விஷயம் கெடச்சிருக்கு, ஆனா நான் ஒரு வம்பு பண்றேன். மழைத்தூறல் முதல் போஸ்ட்ல ஒரு வரி எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க. "முதல் ரெண்டு நாள் எழுந்துக்க முடியாது, அது பழகிடுச்சு, அத விடுங்க." நான் விடமாட்டேன். நானும் 11 வருஷம் பழகிடுச்சு பழகிடுச்சுன்னுதான் சொன்னேன். 15 வயசுலேருந்து. பிசிஓஎஸ்காரங்களுக்கு லேட்டா வர்றதால அப்படித்தான் வலிக்கும்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிகிட்டேன்.

அதுல பாதி நிஜமும் இருக்கு. ரெண்டு மாசம் வரலன்னா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுகிட்டே போகும், ஒரு நாள் மொத்தமா கட்டி கட்டியா வரும், அத வெளிய தள்ள கர்ப்பப்பை இறுக்கும், வலிக்கும். ஆனா எழுந்துக்கவே முடியாத வலிய அதுல போட்டு மூடக்கூடாது. எண்டோமெட்ரியோசிஸ்னு ஒண்ணு இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய மாதிரி திசு வெளிய போய் ஒட்டி வளரும், உலகத்துல குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பெண்கள்ல ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதே மாதிரி அடினோமயோசிஸ், அது கர்ப்பப்பை தசைக்குள்ளயே ஊறிப் போறது. பிசிஓஎஸ் இருந்தா இது ரெண்டும் வராதுன்னு ஒரு சட்டமும் இல்ல, எனக்கு பிசிஓஎஸ்ஸும் எண்டோவும் சேர்ந்தே இருக்கு. ஒரு பேரு கெடச்சதும் அதோட தேடறத நிறுத்திட்டாங்க, அதுதான் என் விஷயத்துல நடந்துச்சு.

சாதாரண ஸ்கேன் நார்மல்னா எண்டோ இல்லன்னு அர்த்தம் கிடையாது. சினைப்பையில பழைய ரத்தம் தேங்கின பெரிய கட்டி, சாக்லேட் சிஸ்ட்னு சொல்வாங்க, அது இருந்தா தெரியும், மேலாக்கா படிஞ்சிருக்கற சின்ன சின்ன திட்டு தெரியாது. சிஏ 125னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, அத வச்சும் இருக்கு இல்லன்னு முடிவு பண்ண முடியாது. முன்னெல்லாம் வயித்துல சின்ன துளை போட்டு கேமரா விட்டுப் பாக்கற லேப்ராஸ்கோபி பண்ணாதான் உறுதின்னு சொல்வாங்க, 2022ல ஐரோப்பிய வழிகாட்டில அத மாத்திட்டாங்க, ஸ்கேன் எம்ஆர்ஐல தெரியாதப்பவோ மருந்து கேக்காதப்பவோதான் லேப்ராஸ்கோபிக்கு போகலாம்னு. அறிகுறிய வச்சே ஹார்மோன் மருந்து ஆரம்பிக்கலாம். இன்னொரு கொடுமை, எவ்வளவு பரவியிருக்குங்கறதுக்கும் எவ்வளவு வலிக்குதுங்கறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. எனக்கு உள்ள இருந்தது நாலு சின்ன புள்ளி.

#12 நடுநிசி

நான் இதுக்கு மறுபக்கம். எனக்கும் பிசிஓஎஸ், எனக்கும் வலி, எல்லாரும் எண்டோதான் எண்டோதான்னு சொல்லி சொல்லி நானே அத நம்பிட்டேன். லேப்ராஸ்கோபி பண்ணாங்க. மயக்கம் தெளிஞ்சதும் டாக்டர் சிரிச்சுகிட்டே "உள்ள எல்லாம் சுத்தமா இருக்கு"ன்னார். நல்ல செய்திதான். நான் ரெண்டு நாள் அழுதேன். எண்டோ இல்லன்னு யாராவது அழுவாங்களான்னு கேப்பீங்க, ஆனா வலிக்கு ஒரு பேரு இல்லாம வீட்டுக்கு திரும்பி வர்றது எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் நரம்பு வலிக்கு குடுக்கற கபாபென்டின் மாத்திரை குடுத்தாங்க. தலை சுத்தலும் தூக்கமும்தான் மிச்சம். 2020ல பிரிட்டன்ல 306 பெண்களுக்கு அந்த மாத்திரையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் குடுத்துப் பாத்த ஒரு ஆய்வு லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, காரணம் தெரியாத அடிவயித்து வலிக்கு வெறும் மாத்திரைய விட அது பெருசா ஒண்ணும் செய்யலன்னுதான் முடிவு. படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு.

கடைசியில என்ன தெரியுமா? இடுப்பு அடித்தள தசை. கீழ தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்குல்ல, யூரின், மோஷன், கர்ப்பப்பை எல்லாத்தையும் தாங்கறது, அது இறுகிப் போய் லூசாகவே மாட்டேங்குது. உக்காந்தா வலி, உறவுக்கு அப்புறம் ரெண்டு நாள் வலி, யூரின் போய்ட்டு வந்தும் இன்னும் இருக்கற மாதிரி. ஏழு டாக்டர் பாத்தாங்க, ஒருத்தர் கூட அந்த தசைய விரல் வச்சு அழுத்திப் பாக்கல. எட்டாவது பாத்தவங்க பிசியோ.

இதுல பெரிய கூத்து, நான் அதுவரைக்கும் நெட்ல பாத்து தினம் அந்த தசைய இறுக்கற கீகல் பயிற்சி பண்ணிட்டு இருந்தேன்.

#13 பிசியோக்காரி

நடுநிசி சொன்ன கடைசி வரிய எல்லாரும் ரெண்டு தடவ படிங்க ப்ளீஸ். நான் இந்த வேலைதான் பாக்கறேன். இடுப்புன்னாலே கீகல்னு எல்லாரும் சொல்றாங்க. கீகல் தளர்ந்து போன தசைய இறுக்கறதுக்கு. ஏற்கனவே இறுகிப் போயிருக்கற தசைக்கு அதப் பண்ணா வலி கூடும். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நான் முதல்ல சொல்றதே அத நிறுத்துங்கன்னுதான்.

இறுகினத தளர்த்தறது வேற வழி. வயிறு வரைக்கும் மூச்ச இழுத்து விடறது, மூச்சு உள்ள போறப்ப அடித்தளம் கீழ இறங்கறத உணர்றது, தொடை உள்பக்கம் இடுப்பு தசைக்கெல்லாம் மெதுவா நீட்டறது, தேவைப்பட்டா உள்வழியா கையால தளர்த்தறது. உள்வழி பரிசோதனை வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, வெளிய இருந்தே நிறைய செய்யலாம். ஒரு வாரத்துல சரியாகாது, மாசக்கணக்குல ஆகும்.

வேற ஒரு வலி இருந்தா கூட, எண்டோவோ நரம்போ எதுவோ, உடம்பு அத காப்பாத்திக்க அந்த தசைய இறுக்கிப் பிடிக்கும், மூலக் காரணத்த சரி பண்ண அப்புறமும் அந்த இறுக்கம் போகாம நின்னுக்கும். அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்கறதுதான் நான் பாத்த வரைக்கும் சகஜம்.

#14 சும்மா_படிக்கிறவ

சின்ன விஷயம், யாருக்காவது உதவட்டும். என் வயித்து வலிக்கு காரணம் மெட்ஃபார்மினே! பிசிஓஎஸ்க்கு குடுத்தது. லூஸ் மோஷன், முறுக்கு வலி, நான் அதயும் பிசிஓஎஸ் வலின்னே நெனச்சிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட சொன்னதும் மெதுவா கரையற வகைய எழுதி சாப்பாட்டோட போடச் சொன்னாங்க, 80 சதவீதம் போயிடுச்சு. நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டு மாத்திக்கங்க.

#15 மழைத்தூறல்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கோபக்கிளி, நீங்க அந்த வரிய பிடிச்சது சரிதான், நானே திரும்பப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. பழகிடுச்சுன்னு எழுதிட்டு, அந்த ரெண்டு நாளும் வேலைக்கு லீவு போடறவதான் நான்.

அடுத்த வாரம் புது டாக்டர் அப்பாயின்ட்மென்ட். உள்ள போனா பத்து நிமிஷம்தான் இருக்கும், எனக்கு எல்லாம் மறந்துடும். எப்படி சொல்றது?

#16 வார்டு_நர்ஸ்

அதுவரைக்கும் தினம் ஒரு நோட்டுல எழுதுங்க. ரெண்டு கலர் பேனா எடுத்துக்கங்க. ஒரே விரல்ல காட்டற அந்த வலிக்கு சிவப்பு, பீரியட்ஸ்ல வர்ற வலிக்கு நீலம். 10க்கு எத்தனை, எவ்ளோ நேரம், என்ன பண்ணிட்டு இருந்தீங்க, ரத்தப்போக்கு இருந்துச்சா, எந்த மாத்திரை, கேட்டுச்சா. அவ்ளோதான், கதை எழுத வேணாம், தினம் ரெண்டு வரி. நீலம் வர்ற நாளுக்கு டேட் கணக்கு தெரியாதது உங்களுக்கு கஷ்டம்தான், பரவால்ல, வந்தப்புறம் எழுதுங்க.

உள்ள போனதும் "எனக்கு பிசிஓஎஸ் இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிச்சா மீதிய யாரும் கேக்க மாட்டாங்க, அனுபவத்துல சொல்றேன். "எனக்கு ரெண்டு தனித்தனி வலி இருக்கு"ன்னு ஆரம்பிங்க. விரல வச்சு காட்டுங்க. அப்புறம் பிசிஓஎஸ் சொல்லுங்க. கடைசியா ஒரு கேள்வி கேளுங்க, "இது பிசிஓஎஸ்னாலன்னு நீங்க நெனச்சா, எத வச்சு அப்படி நெனைக்கிறீங்க?" கோபமா இல்லாம, நிஜமா தெரிஞ்சுக்கற மாதிரி.

நீல வலிக்கு மெஃபனமிக் ஆசிட் மாதிரி வலி மாத்திரை போடறீங்கன்னா தாங்க முடியாத வரைக்கும் காத்திருந்து போடாதீங்க. ரத்தம் ஆரம்பிக்கறப்பவே சாப்பிட்டுட்டு போட்டா நல்லா கேக்கும், வலிய கிளப்பற கெமிக்கல் உருவாகறதயே அது தடுக்குது, உருவாகி முடிஞ்சப்புறம் போட்டு பிரயோஜனம் கம்மி. அல்சர், கிட்னி பிரச்சினை, ஆஸ்துமா இருக்கறவங்க டாக்டர் சொல்லாம போடக்கூடாது.

#17 ரெண்டாம்_இன்னிங்ஸ்

ஒண்ணு சேத்துக்கறேன். மூணு மாசத்துக்கு மேல பீரியட்ஸ் வரலன்னா அப்படியே விட்டுடாதீங்க, மாத்திரை குடுத்து வர வைப்பாங்க. வலிக்காக மட்டும் இல்ல, உள்சுவர் வருஷக்கணக்குல தடிச்சுகிட்டே இருந்தா பின்னாடி கேன்சர் வாய்ப்பு கூடும். என் டாக்டர் இதச் சொல்ல எனக்கு 35 வயசு ஆச்சு.

#18 ஊதாப்பூ

நான் ரிப்போர்ட்ட தூசி தட்டி எடுத்துப் பாத்தேன். கீழ ஒரு வரி இருக்கு, இடது சினைப்பையில 5.2 சென்டிமீட்டர் சிஸ்ட்னு!! யாரும் என்கிட்ட தனியா சொல்லவே இல்ல, "நீர்க்கட்டி இருக்கு"ன்னு மொத்தமா சொன்னாங்க, நான் பிசிஓஎஸ்ஸ சொல்றாங்கன்னு நெனச்சிட்டேன். அந்த தலைய தூக்கற டெஸ்ட்லயும் எனக்கு வலி குறைஞ்சுது.

#19 வார்டு_நர்ஸ்

@ஊதாப்பூ எட்டு மாசத்துக்கு முன்ன எடுத்ததா? அப்ப மறுபடி ஸ்கேன் எடுக்கணும். சாதாரண சிஸ்ட்னா ரெண்டு மூணு மாசத்துல தானா கரைஞ்சிருக்கும், இன்னும் இருந்தா என்ன வகைன்னு பாக்கணும். இந்த சைஸ்ல முறுக்கிக்கற வாய்ப்பும் இருக்கு, மேல சொன்னேன்ல, திடீர் வலி, வாந்தி, மறந்துடாதீங்க. இந்த வாரமே போங்க.

#20 மழைத்தூறல்

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், நடுவுல எழுத முடியல, சாரி.

புது டாக்டர்கிட்ட போனேன். "ரெண்டு தனித்தனி வலி"ன்னு ஆரம்பிச்சேன், குரல் நடுங்கிச்சு ஆனா சொல்லிட்டேன். நோட்ட வாங்கி ஒரு நிமிஷம் புரட்டிப் பாத்தாங்க. அப்புறம் படுக்க வச்சு அதே தலை தூக்கற டெஸ்ட், அவங்களே பண்ணாங்க. ஒரு பஞ்ச ஸ்பிரிட்ல நனைச்சு ரெண்டு பக்கமும் தடவினாங்க, வலது பக்கம் அந்த இடத்துல மட்டும் ஜில்லுனு தெரியல, எரிஞ்சுது. வலி சிகிச்சை டாக்டர்கிட்ட அனுப்பினாங்க.

அவர் ஸ்கேன்ல பாத்துகிட்டே மரத்துப் போற ஊசி ஒண்ணு அந்த புள்ளியில போட்டார். பத்து நிமிஷம் கழிச்சு எழுந்து உக்காருங்கன்னார். நான் பழக்க தோஷத்துல ஒரு பக்கமா சாஞ்சு கைய ஊனி எழுந்தேன். "ஏன் அப்படி எழறீங்க, நேரா எழுங்க"ன்னார். நேரா எழுந்தேன். ஒண்ணுமே இல்ல. ஒன்றரை வருஷமா நான் நேரா எழுந்ததே இல்லங்கறது அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

ஊசியால வலி போனதே அது நரம்புதான்னு காட்டற டெஸ்ட்டாம், அதுவே மருந்தும். ஆனா உடனே ஆடிடாதீங்கன்னு சொன்னார், சிலருக்கு திரும்ப வரும், ரெண்டு மூணு தடவ போட வேண்டி வரும், அப்பவும் கேக்கலன்னா அந்த நரம்ப ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்கன்னார். சொன்ன மாதிரியே 9வது நாள் திரும்ப வந்துச்சு, பாதி அளவுக்கு. ரெண்டாவது ஊசி போட்டு இன்னிக்கு 16வது நாள், 10க்கு 1 இல்ல 2.

#21 கோபக்கிளி

நேரா எழுந்தத படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. சரி நீலம் என்னாச்சு? அத விட்டுட்டு ஓடப் பாக்காதீங்க.

#22 மழைத்தூறல்

ஹாஹா தெரியும், நீங்க கேப்பீங்கன்னு. நீலம் அப்படியே இருக்கு. நடுவுல ஒரு பீரியட்ஸ் வந்துச்சு, ஊசிக்கு அது துளியும் அசையல, அதனாலயே அது வேற இது வேறன்னு டாக்டருக்கும் உறுதியாயிடுச்சு. இதுலயே கொஞ்சம் பழக்கம் உள்ளவங்ககிட்ட உள்வழி ஸ்கேன் எடுத்தாங்க, அரை மணி நேரம் பொறுமையா பாத்தாங்க, முன்ன எடுத்த மூணும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. கர்ப்பப்பை பின் சுவர் முன் சுவர விட தடிப்பா இருக்கு, அடினோமயோசிஸ் மாதிரி தெரியுது, எம்ஆர்ஐ எடுத்து பாத்துடலாம்னாங்க. அது வர்ற புதன்கிழமை.

ரெண்டு வழி சொல்லியிருக்காங்க, கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் காயில், இல்லன்னா தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. பிசிஓஎஸ்ல தடிக்கற உள்சுவருக்கும் அது பாதுகாப்புன்னாங்க. காயில்னா எனக்கு பயமா இருக்கு, இன்னும் முடிவு பண்ணல. குழந்தை எப்பன்னு வீட்டுக்காரரும் நானும் பேசி முடிக்கணும், அத வச்சுதான் எதுன்னு தேர்ந்தெடுக்கணும்.

@பிசியோக்காரி நீங்க சொன்னதும் பாதி நிஜம், வலது பக்கம் இடுப்பு தசை எல்லாம் இறுகிப் போயிருக்காம், மூச்சுப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கேன்.

#23 பிசியோக்காரி

ஒன்றரை வருஷம் ஒரு பக்கமா சாஞ்சே எழுந்தா இறுகாம என்ன பண்ணும். மெதுவா செய்ங்க. வலிக்கற அளவுக்கு நீட்டாதீங்க.

#24 நடுநிசி

காயில் வைக்கறதா முடிவு பண்ணா வைக்கும்போது வலிக்கு என்ன குடுப்பீங்கன்னு முன்கூட்டியே கேட்டுடுங்க. மரத்துப் போக மருந்து குடுக்கறவங்களும் இருக்காங்க, கேக்கலன்னா சும்மாவே வச்சிடறவங்களும் இருக்காங்க. நமக்கு ஏற்கனவே அந்த இடம் உஷாரா இருக்கு, வீரம் காட்ட வேணாம்.

#25 ஊதாப்பூ

நானும் சொல்லிடறேன். மறு ஸ்கேன்ல அந்த சிஸ்ட் இன்னும் இருந்துச்சு, 5.6 ஆயிருக்கு, சாக்லேட் சிஸ்ட் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதாவது எண்டோ. கோபக்கிளி சிஸ் உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன், நேரம் இருக்கறப்ப பாருங்க, கேக்க நிறைய இருக்கு.

#26 கோபக்கிளி

பாத்துட்டேன், ராத்திரி எழுதறேன். ரிப்போர்ட்ல எந்த சைடு, எத்தனை சென்டிமீட்டர், ஒட்டியிருக்கான்னு என்ன போட்டிருக்காங்களோ அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க. பழைய ரிப்போர்ட்டையும் சேத்து.

#27 மழைத்தூறல்

எம்ஆர்ஐ வந்துடுச்சு, அடினோமயோசிஸ்தான். நாங்க இப்போதைக்கு மாத்திரைன்னு முடிவு பண்ணிட்டோம், ஆறு மாசம் பாக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. நோட்ட நிறுத்தல. இந்த வாரம் சிவப்பு ஒரே ஒரு நாள், அதுவும் 1. நீலம் இன்னும் வரல, வந்தா வந்து எழுதறேன்.